காய்ச்சலில் வரும் வலிப்பு: கொற்கைக் கரைத் தாய்மார்க்கு

ஒரு காலத்தில் அலை வந்து மோதிய துறைமுகமாயிருந்து, தாமிரபரணி ஆண்டாண்டாகக் கொண்டுவந்து கொட்டிய மண்ணால் கடல் விலகிப்போக, இன்று கரையிலிருந்து ஏறக்குறைய 6 கிலோமீட்டர் உள்ளே, வாழைக்கும் நெல்லுக்கும் நடுவே ஒரு சிற்றூராக அமைந்திருக்கும் கொற்கையைப் பற்றிப் பேசப் புகுவோர், பெரும்பாலும் பாண்டியரைப் பற்றியும் முத்தைப் பற்றியுமே பேசுவர். நான் எழுதப் புகுந்தது அந்தப் பழம்பெருமையைப் பற்றியன்று. கொற்கையும் பழையகாயலும் புன்னைக்காயலும் தூத்துக்குடியும் சேர்ந்த இக்கரையில் தகப்பன் இரவில் படகேறிக் கடலுக்குப் போய்விடுகிறான். தாயோ விடியுமுன்னே உப்பளத்துக்குப் புறப்பட்டுவிடுகிறாள். வீட்டில் ஆச்சியின் மடியில் ஒரு குழந்தை கிடக்கிறது. அந்தக் குழந்தைக்குக் காய்ச்சலின் நடுவே திடீரென்று வலிப்பு வந்துவிட்டால் என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்பதைச் சொல்லுவதே என் நோக்கம்.

அந்தக் காட்சியைக் கண்டவர் மறப்பதில்லை. மாலையில் உடம்பு சற்றே சுட்டது. குழந்தை பாலை மறுத்துத் தோளிற் சாய்ந்தது. அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை. பிறகு எவ்வித முன்னறிவிப்புமின்றிக் கண்கள் மேலே செருகி, பல் கிட்டி, உடம்பு விறைத்து, அடுத்த கணத்தில் கையும் காலும் ஒரே கதியில் வெட்டி இழுக்க, வாயோரத்தில் நுரை கட்டி, உதடு நீலம் பாய்ந்து, கூப்பிட்ட குரலுக்குப் பதிலில்லாமற் போய்விடுகிறது. பெற்ற குழந்தை கண்ணெதிரே இறந்துகொண்டிருக்கிறது என்றே அப்போது தாய் நினைக்கிறாள். முதல் வலிப்பைக் கண்ட பெற்றோரை விசாரித்து 1981-இல் இங்கிலாந்தில் வெளியிட்ட ஓர் ஆய்வும், அவர்களிற் பலர் குழந்தை செத்துக்கொண்டிருப்பதாகவே அந்த நேரத்தில் எண்ணினர் என்றுதான் கூறிற்று. ஆகவே, பதறும் தாயைப் பார்த்து ‘இதற்கா இத்தனை கூச்சல்’ என்று கடிந்துகொள்ளும் வைத்தியரோ உறவினரோ அவளுக்குப் பெரிய அநீதி இழைக்கிறார். அவள் கண்டது பயங்கரந்தான். ஆனால் காட்சிக்குள்ள பயங்கரம் நோய்க்கு இல்லை.

ஆறு மாதம் நிறைந்து ஐந்து வயது முடிவதற்குள், மூளையிலோ மூளையைச் சூழ்ந்த சவ்விலோ கிருமி தொற்றாத நிலையில், சாதாரணக் காய்ச்சலை ஒட்டி வரும் வலிப்பையே ‘காய்ச்சல் வலிப்பு’ என்று வைத்தியர்கள் வகுத்திருக்கிறார்கள். ஒரு வயதுக்கும் ஒன்றரை வயதுக்கும் இடைப்பட்ட பிராயத்திலேதான் இது மிகுதி. மேல்நாடுகளில் நூறு குழந்தைகளுக்கு இரண்டு முதல் ஐந்து பேருக்கு வருகிறது; ஜப்பானில் இன்னும் அதிகம், நூற்றுக்கு எட்டுப் பேர் வரையில். சளி, தொண்டைப்புண், காதுவலி, வயிற்றுப்போக்கு, உடம்பெங்கும் தடிப்பெழும் வைரஸ் ஜுரம் என்று, எல்லாக் குழந்தைகளுக்கும் வந்துபோகிற சாமானியக் காய்ச்சல்களே இதற்குக் காரணமாகின்றன. பக்குவப்படாத இளமூளையிலுள்ள நரம்பணுக்கள் உஷ்ணத்தாலும், கிருமியை எதிர்க்க உடம்பு சுரக்கும் சில பொருள்களாலும் எளிதிற் கிளர்ச்சியடைந்து, ஒரே சமயத்தில் மின்னோட்டத்தை வீசத் தொடங்குவதால் உடம்பு வெட்டுகிறது. வயது ஏறி மூளை முதிர முதிர அந்த இயல்பு தானே நீங்கிவிடுகிறது. இது பரம்பரையாகவும் வரும். ‘ஏல, ஒங்க அப்பனுக்கும் சின்னப்பிள்ளையில இப்படித்தான் இழுத்துச்சு’ என்று ஆச்சி சொல்லும் வார்த்தை வைத்தியருக்கு மிகவும் பயன்படுவது; அதை அவரிடம் தவறாமற் சொல்ல வேண்டும்.

கிரேக்க வைத்தியர் ஹிப்பாக்ரடீஸ் ஈராயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பே, கடுஞ்சுரத்தில் குழந்தைகளுக்கு வலிப்பு வருமென்றும், ஏழு வயதுக்குட்பட்டவர்க்கே அது மிகுதியென்றும் கண்டறிந்திருந்தார். அவ்வளவு பழைய அறிவு இருந்தும், பின்னாளில் லண்டன் நகரத்து மரணப் பட்டியல்கள் இறந்த சிசுக்களில் மிகப் பலரை ‘வலிப்பு’ என்ற ஒரே தலைப்பின்கீழ் எழுதிவைத்தன. குழந்தையைக் கொன்றது பேதியா, நிமோனியாவா, மூளைக்காய்ச்சலா என்று ஆராயாமல், சாகுந்தறுவாயிற் கண்ணிற் பட்ட அடையாளத்தையே காரணமாகக் குறித்தார்கள். வலிப்பு என்றால் மரணம் என்னும் அச்சம் உலகமெங்கும் வேரூன்றியதற்கு இத்தகைய குழப்பமும் ஒரு காரணமென்றே நான் எண்ணுகிறேன். இக்கரையும் காய்ச்சலுக்குப் புதிதன்று. 1809 முதல் 1811 வரை கோயம்புத்தூர், திண்டுக்கல், மதுரை, திருநெல்வேலிச் சீமைகளில் பரவிய கொள்ளைக் காய்ச்சலைப் பற்றிச் சென்னை அரசாங்கம் வைத்தியர்களைக் கொண்டு விசாரணை நடத்தி அறிக்கை வெளியிட வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட காலங்களில் காய்ச்சலும் வலிப்பும் சாவும் ஒரே வீட்டில் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றிருக்கும் என்று நினைத்துப் பார்த்தால், நம் பாட்டிமாரின் திகில் எங்கிருந்து வந்ததென்பது விளங்கும்.

அந்தத் திகிலுக்கு உரிய விடை கிடைத்தது 1970-களில். அமெரிக்காவில் ஏறக்குறைய 54,000 குழந்தைகளைத் தாய் வயிற்றிலிருந்த நாள் முதல் ஏழு வயது வரை தொடர்ந்து கவனித்த ஒரு பேராய்வில், 1,706 பேருக்குக் காய்ச்சல் வலிப்பு வந்திருந்தது. காரின் நெல்சன், ஜோனாஸ் எலன்பெர்க் என்னும் இருவர் அவர்களுடைய விருத்தாந்தங்களை 1976-லும் 1978-லும் ஆராய்ந்து வெளியிட்டார்கள். முன்பு ஆரோக்கியமாயிருந்து, சாதாரண வகைக் காய்ச்சல் வலிப்பு மட்டும் வந்த குழந்தைகளில், ஏழு வயதுக்குள் காக்காய்வலிப்பு கண்டவர் ஆயிரத்துக்குப் பதினொருவர். காய்ச்சல் வலிப்பே வராதவர்களிலும் அது ஆயிரத்துக்கு ஐவருக்கு உண்டு. வலிப்பு வந்த குழந்தையையும் வராத அதன் உடன்பிறப்பையும் அறிவுச் சோதனையில் ஒப்பிட்டுப் பார்த்தபோது வேற்றுமை காணப்படவில்லை. ‘மூளை கெட்டுப்போகுமோ, படிப்பு வராமற் போகுமோ, பெண்பிள்ளையாயிற்றே, நாளை கல்யாணத்துக்குத் தடையாகுமோ’ என்று இன்றும் கண்ணீரோடு கேட்கும் தாய்மார்க்கு, ‘இல்லை’ என்று திடமாகச் சொல்ல வைத்தியர்க்கு உரிமை கொடுத்தவை இவை போன்ற ஆய்வுகளே.

இனி, வலிப்பு வந்த நேரத்தில் நம் வீடுகளில் நடப்பதைப் பார்ப்போம். ஒருவர் சாவிக்கொத்தை எடுத்துக் குழந்தையின் கையிலே திணிக்கிறார். இன்னொருவர் பல்லுக்கிடையே கரண்டியை நுழைக்கிறார். ஒருவர் முகத்தில் தண்ணீரை அறைந்து, வாயிலும் ஊற்றுகிறார். மற்றொருவர் வெங்காயத்தை நசுக்கி மூக்கருகே பிடிக்கிறார். சூடு வைக்கும் வழக்கமும் தமிழ்நாட்டின் பல பகுதிகளில் இருந்தது. அது முற்றும் ஒழிந்துவிட்டதென்று சொல்ல இன்னும் இயலவில்லை. இவற்றைச் செய்பவர் எல்லோரும் அன்பினாலே செய்கிறார்கள். அவர்கள் நம்பிக்கைக்கு அனுபவமே ஆதாரம். சாவியைக் கொடுத்தோம், வலிப்பு நின்றது, கண்ணாற் கண்டோம் என்கிறார்கள். கண்டதும் மெய்தான். ஆனால் காய்ச்சல் வலிப்பில் மிகப் பெரும்பாலானவை சில நிமிஷத்தில் தாமாகவே நின்றுவிடுபவை. சாவியைத் தேடி எடுத்து வருவதற்கு ஆகிற நேரமும் அவ்வளவே. ஆகையால் கடைசியாகச் செய்யப்பட்டது எதுவோ அதற்கே கீர்த்தி போய்ச் சேருகிறது.

இதற்கொப்பான செய்தியொன்று இந்தக் கரையின் சரித்திரத்திலேயே இருக்கிறது. கொற்கைக்குப் பின் தலையெடுத்த காயல் துறைமுகத்தைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் நடந்த முத்துச் சலாபத்தையும் வருணித்திருக்கிறார். கடலில் இறங்குவோரைப் பெருமீன்கள் தாக்காதபடி மந்திரத்தாற் கட்டுவோருக்கு, எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு கொடுக்கப்பட்டதாம். ஆங்கிலேயர் காலத்திலும் தூத்துக்குடிச் சலாபத்தில் ‘கடல்கட்டி’ என்ற அந்த உத்தியோகத்தவருக்கு அரசாங்கமே ஊதியம் தந்தது. சலாபத்தில் சுறா ஆளைத் தாக்கியது மிக அரிது. தோணிகளின் திரளும் ஆரவாரமும் அதை விலக்கி வைத்திருக்கலாம். ஆயினும் கடல்கட்டி கரையில் நின்றாலொழிய முத்துக்குளிப்போர் தண்ணீரில் இறங்க மாட்டார்கள். அந்த மந்திரம் மூச்சடக்கி ஆழத்துக்குப் போகிறவனுக்கு மனோதைரியத்தைக் கொடுத்தது, யாருக்கும் அதனால் தீங்கில்லை. ஆகவே அதைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. பல்லுக்கிடையே நுழைக்கும் கரண்டி அத்தகையதன்று. பல்லை உடைக்கிறது, உடைந்த பல் மூச்சுக்குழலில் இறங்குகிறது. பிரக்ஞையில்லாத குழந்தையின் வாயில் ஊற்றிய தண்ணீரும் மருந்தும் நுரையீரலுக்குப் போய்விடுகின்றன. வலிப்பு தானே நின்றிருக்கும். சூட்டுத் தழும்போ ஆயுள் முழுதும் நிற்கும்.

கற்பூரத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். சளிக்கென்று தேங்காயெண்ணெயிற் கற்பூரத்தைக் காய்ச்சிக் கைக்குழந்தையின் நெஞ்சிலும் மூக்கிலும் தடவுவது நம் வீடுகளில் சர்வசாதாரணம். கற்பூரம் வலிப்பை உண்டாக்கும் விஷப்பொருள் என்பது வைத்திய நூல்கள் ஐயமறக் கூறும் உண்மை. தவழும் குழந்தை பூஜைத் தட்டிலிருந்து எடுத்து விழுங்கிய ஒரு வில்லையே போதும், சில நிமிஷங்களுக்குள் வலிப்பு கண்டுவிடும். மிகுதியாகத் தடவினாலும் தோல் வழியே உடம்பிற் சேரும். காய்ச்சலும் சளியும் உள்ள குழந்தைக்கு வலிப்பு வந்தால், கற்பூரம் தடவினீர்களா, தின்றதா என்று வைத்தியர் கேட்பது இதனாலேதான். பூஜைக்குரியதைப் பூஜையறையில் எட்டாத உயரத்தில் வைப்பதே நலம்.

செய்யத்தக்கதோ மிகவும் சுருக்கமானது. குழந்தையைத் தரையிலோ பாயிலோ, எச்சிலும் வாந்தியும் தானே வெளியே வழியும்படி ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். கழுத்தையும் இடுப்பையும் இறுக்கும் துணியையும் கயிற்றையும் தளர்த்திவிட வேண்டும். இடித்துக்கொள்ளக்கூடிய அம்மி, கட்டில்கால் முதலியவற்றிலிருந்து விலக்க வேண்டும். வெட்டும் கைகால்களை அமுக்கிப் பிடிக்கலாகாது. வாயில் ஒன்றும் வைக்கலாகாது. பிறகு கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். இதுவே மிகக் கடினமான காரியம். ஏனெனில் அந்த நேரத்தில் ஒரு நிமிஷம் ஒரு நாழிகையாகத் தோன்றுகிறது. ஐந்து நிமிஷம் கடந்தும் நிற்காவிட்டால், அது தானாக நிற்குமென்று காத்திருக்கத் தகாது. உடனே 108-ஐ அழைக்க வேண்டும். 2008-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் கட்டணமின்றி ஓடுகிற அந்த வண்டியில் வருவோர் வலிப்பை நிறுத்தும் முறை அறிந்தவர்கள். வலிப்பு நின்றபின் குழந்தை அயர்ந்து உறங்கும், அது இயற்கை. முதல் வலிப்பென்றால், அது நின்றுவிட்டாலும் அன்றே வைத்தியரிடம் காட்டத்தான் வேண்டும்.

ஏன் காட்ட வேண்டுமென்பதற்குக் காரணம் உண்டு. காய்ச்சலோடு வரும் வலிப்பு எல்லாம் காய்ச்சல் வலிப்பாகிவிடாது. மூளைக்காய்ச்சலும் சவ்வழற்சியும் மலேரியாவும் இதே வேஷத்தோடு வரக்கூடியவை. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்தியாவில் முதன்முதல் அறியப்பட்டதே நம் வேலூர்ப் பக்கத்தில், 1955-இல். குழந்தைக்கு ஆறு மாதம் நிரம்பாதிருந்தாலோ, வலிப்பு நின்று வெகுநேரமாகியும் முகம் பார்த்து விழிக்காமல் மயங்கிக் கிடந்தாலோ, கழுத்து விறைத்தாலோ, உச்சிக்குழி புடைத்தாலோ, விடாமல் வாந்தியெடுத்தாலோ, ஒரு பக்கத்துக் கைகால் மட்டும் வெட்டினாலோ, ஒரே நாளில் இரண்டாம் முறை வந்தாலோ, கால்மணி நேரத்துக்கு மேல் நீடித்தாலோ அசட்டையாயிருக்கலாகாது. அப்போது முதுகுத்தண்டிலிருந்து நீரெடுத்துப் பார்க்க வேண்டுமென்று வைத்தியர் சொன்னால், ‘முதுகில் ஊசி போட்டால் கால் விளங்காமற் போகும்’ என்னும் வதந்தியை நம்பிக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடாதீர்கள்; உயிரைக் காப்பது அந்தப் பரிசோதனையாக இருக்கலாம். இத்தகைய கொடிய நோய்களின் வேரை அறுப்பது தடுப்பூசி. சவ்வழற்சிக் கிருமியொன்றையும் சேர்த்துத் தடுக்கும் ஐந்து நோய்த் தடுப்பூசியை இந்தியாவில் முதன்முதல் 2011 டிசம்பரில் தொடங்கியவை தமிழ்நாடும் கேரளமுமே. தட்டம்மைத் தடுப்பூசிக்குப் பின் ஒன்றிரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் கண்டு, அபூர்வமாகச் சில குழந்தைகளுக்கு வலிப்பும் வருவதுண்டு. மற்றக் காய்ச்சலில் வருவதைப் போல அதுவும் தழும்பின்றிப் போய்விடும். அதற்காக அடுத்த ஊசியை நிறுத்திவிடுவது, சிறிய பயத்துக்காகப் பெரிய ஆபத்தை வரவேற்பதாகும்.

மூன்றில் ஒரு குழந்தைக்கு இது மறுபடியும் வரும். ஒரு வயதுக்குள் முதல் வலிப்பு வந்த குழந்தைகளில் பாதிப் பேருக்கு வரும். இங்கேதான் தாய்மாரின் மனத்தை அரிக்கும் வேதனையொன்று பிறக்கிறது: ‘மருந்தைக் கொஞ்சம் முந்திக் கொடுத்திருந்தால் வந்திருக்காதே, என் அஜாக்கிரதையால் வந்ததே’ என்று. அம்மா, அது உங்கள் குற்றமன்று. பின்லாந்தில் 231 குழந்தைகளுக்குக் காய்ச்சல் கண்டவுடனே காய்ச்சல் மருந்தையோ வெறும் போலி மருந்தையோ கொடுத்துப் பார்த்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், மருந்து கொண்டவர்க்கும் கொள்ளாதவர்க்கும் வலிப்பு ஒரே அளவில்தான் வந்தது. பல வேளைகளில் வலிப்பு வந்த பிறகே குழந்தைக்குக் காய்ச்சல் இருப்பது தெரியவருகிறது. பிறகு எப்படி முந்திக்கொள்வது? ஒரே காய்ச்சலில் இரண்டாம் முறை வருவதைப் பாராசிட்டமால் குறைக்கக்கூடுமென்று 2018-இல் ஒரு ஜப்பானிய ஆய்வு சொன்னது. குழந்தையின் அயர்வையும் உடல்நோவையும் தணிக்க அந்த மருந்தை எடைக்குத் தக்க அளவில் கொடுப்பது சரியே. ஆனால் ஒரு மருந்துக்கு அடங்கவில்லையென்று மெஃபனமிக் அமிலம் முதலியவற்றை அளவின்றிப் புகட்டுவது சரியன்று. அளவு மிஞ்சினால் அதுவே வலிப்பை வருவிக்கும். பனிக்கட்டியாலும் குளிர்ந்த நீராலும் உடம்பைத் துடைத்து நடுங்க வைப்பதும் வேண்டாம்; மெல்லிய சட்டையும் காற்றோட்டமும் போதும்.

முன்பு இக்குழந்தைகளுக்கு ஆண்டுக்கணக்கில் தினந்தோறும் பினோபார்பிட்டோன் கொடுத்து வந்தார்கள். அமெரிக்காவில் நடத்தி 1990-இல் வெளியிட்ட சோதனையொன்றில், அம்மருந்தை உண்ட குழந்தைகளின் அறிவுச் சோதனை மதிப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய 8 புள்ளி தாழ்ந்திருக்கக் கண்டார்கள். வலிப்பு குறைந்ததாகவும் காணவில்லை. நோய் செய்யாத தீங்கை மருந்து செய்தது! ஆகவே சாதாரணக் காய்ச்சல் வலிப்புக்கு நாள்தோறும் மருந்து தேவையில்லை என்பதே இன்றைய முடிவு. அடிக்கடி வருபவர்க்குக் காய்ச்சல் உள்ள இரண்டு மூன்று நாளைக்கு மட்டும் க்ளோபாசம் கொடுப்பது இந்நாட்டு வழக்கம். நீண்ட நேரம் இழுக்கும் குழந்தைகளின் வீட்டில், மூக்கில் தெளிக்கும் மிடசோலம் மருந்தை வைத்தியர் சீட்டோடு வாங்கி வைத்திருக்கலாம். ஆஸ்பத்திரிக்கு வெகுதொலைவிலுள்ள கடற்கரைக் குடியிருப்புகளுக்கு இது மிகவும் உபகாரமானது.

தென்னிந்தியாவில் மிகுதியாகக் காணப்படும் வேறொரு வலிப்பும் உண்டு. கொதிக்கக் கொதிக்க வெந்நீரைத் தலையில் மொண்டு ஊற்றும்போது சிலருக்கு வருவது அது. பெங்களூரில் டாக்டர் கே. எஸ். மணியும் அவருடைய தோழர்களும் 1968-இல் அதை விவரித்து எழுதினார்கள். அவ்வகை நோயாளிகளிற் சிலருக்குச் சிறுவயதிலே காய்ச்சல் வலிப்பும் வந்திருந்தது. எண்ணெய் தேய்த்துத் தலைமுழுகும்போது நீரின் சூட்டைத் தணித்துக்கொள்வதே அதற்கு முதற் சிகிச்சை. காய்ச்சலில் வலிப்பு வந்த குழந்தைக்கு வெந்நீர் ஸ்நானத்தில் எப்போதாவது மயக்கம் கண்டால், அதையும் வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

இரத்தத்தில் இரும்புச்சத்துக் குறைந்த குழந்தைகளுக்குக் காய்ச்சல் வலிப்பு கூடுதலாகக் காணப்படுகிறதென்று பல ஆய்வுகள் கூறுகின்றன. தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டவர் இரத்தசோகையுள்ளவர் என்பது தேசியக் குடும்பநல ஆய்வு காட்டும் செய்தி. மீனும் முருங்கைக்கீரையும் மலிந்த இக்கரையில் அந்நிலை இருக்கலாகாது. ஆறு மாதத்துக்குப் பின் பாலோடு நிறுத்திவிடாமல், முள் நீக்கிய மீனையும் முட்டையையும் கீரையையும் பிசைந்து ஊட்டுவது குழந்தைக்குப் பலவிதத்திலும் நன்மை.

கடைசியாக, இக்கரையிலுள்ள துணைச் சுகாதார நிலையங்களில் பணிபுரியும் கிராம சுகாதாரச் செவிலியர்களுக்கு ஒரு விண்ணப்பம். வலிப்பு வரும் வேளையில் பக்கத்திலிருப்பவர் பெரும்பாலும் தாயல்லர், ஆச்சியே. ஒன்பதாம் மாதத்துத் தடுப்பூசிக்குக் குழந்தையைக் கொண்டுவரும்போது ஆச்சியையும் உடன் அழைத்துவரச் சொல்லுங்கள். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைப்பது எப்படியென்பதை அந்தக் குழந்தையையே பாயில் கிடத்தி அவருக்குச் செய்து காட்டுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரானாலும் கைபேசியில் 108-ஐ அமுக்கும் விதத்தை அவர் கையாலேயே ஒருமுறை செய்யச் சொல்லுங்கள்.